மணிக்கு 2 டாலர் 13 சென்ட்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவுக்குப் புதிதாகப் போகிறவர்களைத் திகைக்க வைக்கும் பழக்கங்கள் நிறைய. குளிர்காலத்திலும் தண்ணீர் டம்ளரில் பாதிக்கு ஐஸ் போட்டுத் தருவார்கள். கடையில் ஒட்டியிருக்கும் விலை ஒன்று, வரி சேர்த்துக் கல்லாவில் கேட்பது வேறொன்று. இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். எனக்குப் பழக நாளானது டிப்ஸ்தான்.

போன புதிதில் ஓர் உணவகத்தில் சாப்பிட்டேன். பில் தொகையை மட்டும் வைத்துவிட்டு எழுந்தபோது, கூட வந்த நண்பர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "அந்தப் பெண்ணுக்குச் சம்பளமே நாம் வைக்கிறதுதான்" என்றார். நம் ஊரில் பரிமாறுகிற தம்பிக்கு மனம் வந்தால் பத்து, இருபது கொடுப்போம். அதே கணக்கில்தான் நான் இருந்தேன்.

நண்பர் சொன்னது மிகையில்லை என்று பிறகு புரிந்தது. டிப்ஸ் வாங்குகிற ஊழியருக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி, நாடு முழுவதற்குமான சட்டப்படி, மணிக்கு வெறும் 2 டாலர் 13 சென்ட். 1991இலிருந்து அது ஏறவே இல்லை. மற்றவர்களுக்கு 7 டாலர் 25 சென்ட். நடுவில் உள்ள பள்ளத்தை டிப்ஸ் நிரப்ப வேண்டும். நிரம்பாவிட்டால் மீதியை முதலாளி தரவேண்டும். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் இந்த வேறுபாடு கிடையாது. ஆனாலும் அங்கேயும் 15, 20 சதவீதம் வைப்பதுதான் வழக்கம்.

இந்த வழக்கம் வேரூன்றிய கதை மனதை வருத்துவது. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தபின், புல்மன் கம்பெனி தன் ரயில் படுக்கைப் பெட்டிகளில் கறுப்பின ஆண்களை வேலைக்கு வைத்தது. சம்பளம் சொற்பம், பயணிகள் தருவதை நம்பித்தான் குடும்பம். பயணிகள் பலர் அவர்களைப் பெயர்கூடக் கேட்காமல், முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயரால் 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். 1925இல் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் கட்டினார்கள். கம்பெனி இறங்கிவந்து ஒப்பந்தம் போட 1937 ஆயிற்று. உணவக ஊழியர்கள் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்குள் வந்ததோ 1966இல். அப்போதும் டிப்ஸைக் கூலியில் கழித்துக்கொள்ளும் சலுகை முதலாளிகளுக்குக் கிடைத்துவிட்டது.

இப்போது அங்கே போனால், மெனுவில் விலையைப் பார்க்கும்போதே ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்வேன். அதற்குக் கையில் காசு போதாத நாளில், பக்கத்துக் கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பிவிடுவேன்.