தம்பியின் படிவம்

வணக்கம் நேயர்களே. 2025 நவம்பர் 4ஆம் தேதி தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடு வீடாகப் படிவம் கொடுத்து வாங்கிப் பட்டியலைச் சரிபார்க்கும் வேலை அது. சில நாளில் பள்ளத்தூரில் எங்கள் தெருவுக்கும் படிவக் கட்டோடு ஒரு பெண் வந்தார். அங்கன்வாடிப் பணியாளர், முன்பு என்னிடம் படித்தவர்.

செட்டிநாட்டில் இந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்பது இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை என்று நீளும் வீடுகள், பல கதவுகளில் பூட்டு. வீட்டுக்காரர்கள் சென்னையில் இருப்பார்கள், சிங்கப்பூரில் இருப்பார்கள். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து கதவைத் திறப்பார்கள். பட்டியலுக்கோ வழக்கமாக எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது தெரிந்தாக வேண்டும். பூர்வீக வீட்டை விட்டுப் போய்விட்டேன் என்று எழுதிக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? ஆனாலும் ஓட்டு குடியிருக்கும் ஊரில் இருப்பதுதான் சரி என்பேன். இந்த ஊர்த் தண்ணீரும் ஆஸ்பத்திரியும் இங்கே இருப்பவர்களுக்குத்தானே வேண்டும். எனக்கு உடன்பாடு இல்லாதது வேறு. கூலி வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவரை, இதற்குமுன் தீவிரமாகத் திருத்திய 2002, 2005 பட்டியலில் உங்கள் பெயர் எங்கே என்று தேட வைத்துவிட்டார்கள்.

அப்புறம் அந்தப் பெண் தயங்கித் தயங்கி இன்னொரு படிவத்தை எடுத்தார். "சார், சின்ன சாரோட படிவமும் வந்திருக்கு."

என் தம்பி அதற்கு முந்தின வருஷமே இறந்துவிட்டான். படிவத்தில் அவன் போட்டோ அச்சாகியிருந்தது.

நான் ஒரு கட்சி, அவன் வேறு கட்சி. ஒரு தேர்தலில் ஒன்றரை மாதம் பேசாமல் இருந்திருக்கிறோம். ஒரே வீடுதான், நடுவில் வளவு என்கிற முற்றம். ஆனால் விஜய் டிவியில் 'அது இது எது' போடும்போது வளவைத் தாண்டி எங்கள் பக்கம் வந்துவிடுவான். அதில் 'சிரிச்சா போச்சு' என்று ஒரு சுற்று. கலைஞர்கள் என்ன செய்தாலும் விருந்தினர் சிரிக்கக் கூடாது. நாங்களும் பந்தயம் கட்டுவோம், முதலில் சிரிப்பவர் மறுநாள் டீ வாங்கித் தர வேண்டும். ரோபோ சங்கர் வந்துவிட்டால் டீ என் கணக்குதான்.

அவர் மதுரைக்காரர். ஊர்த் திருவிழா மேடைகளில் உடம்பெல்லாம் உலோகச் சாயம் பூசிக்கொண்டு ரோபோ மாதிரி ஆடியதால் வந்த பெயர் அது. சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில், வியர்வைக்கு வழியில்லாமல் சாயத்தை அப்பிக்கொண்டு ஆடுவதை நினைத்துப் பாருங்கள். எங்கள் ஊர்ப் பொட்டலில் திருவிழாவுக்கு ஆட்டபாட்டம் நடக்கும் அதே இடத்தில்தான் தேர்தல் வந்தால் கட்சி மேடையும் போடுவார்கள். கட்சி மேடைக்கு முன்னால் அவரவர் ஆள் தனித்தனியாக நிற்பார்கள். ஆட்டத்துக்கு முன்னால் மொத்த ஊரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். அந்தக் கூட்டத்தைச் சிரிக்கவைத்துப் பழகியவர் ரோபோ சங்கர். அதனால்தான் டிவியில் வந்தபோதும் எங்கள் வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் இரண்டு கட்சிக்காரர்களை ஒரே பாயில் உட்கார வைக்க அவரால் முடிந்தது.

'மாரி', 'விஸ்வாசம்' என்று சினிமாவிலும் வளர்ந்தார். இடையில் மஞ்சள் காமாலை வந்து ஆளே பாதியாகி, தேறி, மறுபடி நடிக்க வந்தார். 2025 செப்டம்பர் 18 அன்று இறந்துபோனார். வயது 46. செய்தியைக் கேட்டதும் தம்பியிடம் சொல்ல வேண்டுமே என்று வளவைத் தாண்டி நடந்துவிட்டேன். அந்தப் பக்கத்துக் கதவு பூட்டியிருந்தது. தம்பி மனைவி மகளோடு சென்னைக்குப் போய் மாதங்கள் ஆகின்றன.

2026 சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய நேரம் அது. எங்கள் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து கட்சிச் சண்டையில் மூன்று பேர் விலகிவிட்டார்கள். சண்டை எனக்குப் பயமில்லை. நானும் தம்பியும் போடாத சண்டையா! சண்டைக்குப் பிறகு வந்து உட்கார எங்களுக்கு ஒரு பாய் இருந்தது. இவர்களுக்கு அது இல்லையே என்பதுதான் என் கவலை.

அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் "இறந்துவிட்டான் என்று குறித்துக்கொள் அம்மா" என்றேன். டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தது. நேயர்களே, உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். விடுபட்டிருந்தால் தள்ளிப்போடாமல், பெயர் சேர்க்கும் படிவம் 6 கொடுங்கள். நான் பார்த்துவிட்டேன். என் பெயர் இருக்கிறது, என் மனைவி பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே, தம்பி இருந்த இடத்தில், அடுத்த வீட்டுக்காரர் பெயர்.

நன்றி, வணக்கம்.