சைனஸ் அறுவைக்கு முன் சி.டி. படத்தில் எதைப் பார்க்கிறோம்?

வணக்கம். சைனஸ் அறுவைக்கு நாள் குறித்தவர்கள் பலரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "சளியும் சதையும் இருப்பது தெரிந்துவிட்டதே, பிறகு எதற்கு ஸ்கேன்?" நோய் எங்கே இருக்கிறது என்பதை விட, அதைச் சுற்றியுள்ள எலும்பு எவ்வளவு மெல்லியது என்று அறியவே அந்தப் படம் எனக்குத் தேவைப்படுகிறது.

திரையைப் பாருங்கள். முகத்துக்கு நேராக வெட்டிய துண்டுகளை மூக்கின் முன்பக்கத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக நகர்த்துகிறேன். இந்தத் துண்டில் இரண்டு கண்கோளங்களும் தெரிகின்றன. அவற்றுக்கு நடுவே தேன்கூடு போல இருப்பவை எத்மாய்டு எனப்படும் சைனஸ் அறைகள். கண்ணுக்கும் அவற்றுக்கும் இடையே உள்ள தடுப்பு காகிதம் போன்றது. மேலே, மணம் உணரும் நரம்புகள் இறங்கும் சல்லடைத் தட்டு ஒரு பள்ளத்தின் அடியில் கிடக்கிறது. அந்தப் பள்ளத்தின் ஆழத்தை வைத்து 1962இல் கேரோஸ் என்ற ஆய்வாளர் மூன்று வகைகளைப் பிரித்தார்: 1 முதல் 3 மி.மீ. வரை, 4 முதல் 7 வரை, 8 முதல் 16 வரை. பள்ளம் ஆழமாக ஆக, அதன் பக்கச் சுவரான மிக மெல்லிய எலும்பு அறுவைக் கருவியின் பாதைக்குள் அதிகமாக நீண்டு நிற்கும். அது உடைந்தால் மூளையைச் சூழ்ந்த நீர் மூக்கு வழியாகக் கசியும். இந்தப் படத்துக்குரிய நோயாளிக்கு எத்மாய்டு அறைகளின் இடப்பக்கக் கூரை வலப்பக்கத்தை விடத் தாழ்ந்திருப்பதைக் கவனியுங்கள். வலப்பக்கத்தை முடித்துவிட்டு அதே நம்பிக்கையோடு இடப்பக்கம் போவது, இப்படிப்பட்ட மூக்கில் பெரும் ஆபத்து.

இன்னும் பின்னால் போகிறேன். கடைசி எத்மாய்டு அறை சிலருக்கு, மூக்கின் பின்னால் ஆழத்தில் உள்ள சைனஸான ஸ்பீனாய்டு அறையின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கும். ஓனோடி அறை எனப்படும் அதன் சுவரில் பார்வை நரம்பு ஓடக்கூடும். ஸ்பீனாய்டு நேர் பின்னால் இருக்கிறது என்று எண்ணித் துளைத்தால் அந்த நரம்பில் படலாம். உண்மையில் ஸ்பீனாய்டு கீழேயும் உட்பக்கமாகவும் ஒதுங்கியிருக்கும். ஸ்பீனாய்டுக்குள் இருக்கும் குறுக்குச் சுவர் சிலருக்கு, மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனியின் எலும்புறையில் போய் ஒட்டியிருக்கும். அந்தக் குறுக்குச் சுவரை ஒருபோதும் முறுக்கி இழுக்கக் கூடாது.

1987இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜின்ரைக் என்ற மருத்துவரும் சக மருத்துவர்களும், மூக்கு வழியே குழல்நோக்கியைச் செலுத்திச் செய்யும் எண்டோஸ்கோபி அறுவைக்கென்று சி.டி. எடுக்கும் முறையை வகுத்து எழுதினார்கள். நோயாளி கவிழ்ந்து படுத்து முகவாயைத் தூக்கிக்கொண்டிருக்க வேண்டிய காலம் அது. இப்போது மல்லாந்து படுத்த நிலையில் எடுத்த மெல்லிய துண்டுகளைக் கொண்டு கணினியே மூன்று கோணங்களிலும் படத்தை அமைத்துவிடுகிறது.

பூஞ்சைக் காளான் சைனஸில் ஒரு விநோதம் உண்டு. கெட்டித்த பூஞ்சைச் சளி சி.டி.யில் வெண்மையாகத் தெரியும்; எம்.ஆர்.ஐ.யின் சில படங்களிலோ காற்று நிரம்பிய அறை போலக் கறுத்து ஏமாற்றும். ஆகவே எம்.ஆர்.ஐ.யை மட்டும் நம்பி நான் திட்டமிடுவதில்லை.

அறுவைக்கு வரும்போது அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுவராதீர்கள். எல்லாத் துண்டுகளும் அடங்கிய குறுந்தகட்டைக் கொண்டுவாருங்கள். முன்பே ஒருமுறை சைனஸ் அறுவை செய்துகொண்டவர் என்றால், அதற்குப் பின் எடுத்த புதுப் படம் வேண்டும்; வழிகாட்டும் எலும்புகள் பலவும் அப்போதே அகற்றப்பட்டிருக்கும்.