எல்லைக் கோடு போடாமல் மோதலுக்குள் இறங்காதீர்கள்

வணக்கம்.

மேசை மேல் ஒரு கேரம் பலகை இருக்கிறது. பின்வரிசையில் இருப்பவர்களுக்குச் சரியாகத் தெரியாது. பரவாயில்லை, எல்லாரும் வீட்டில் ஆடியதுதான். ஸ்ட்ரைக்கரின் நிறை 15 கிராம். காய் 5 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். கணக்குக்கு 5 என்றே வைத்துக்கொள்வோம். குழிக்கு நேர்கோட்டில் நிற்கும் காயை நேராக ஓங்கி அடிக்கிறோம். காய் விழுகிறது. அதன் பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் போய் விழுகிறது. வாங்கிய காயில் ஒன்றை எடுத்துப் பலகையில் வைக்க வேண்டியதுதான். பக்கத்தில் இருப்பவர் உடனே சொல்வார்: "கொஞ்சம் லேசா அடிச்சிருக்கலாம்ல?"

அவர் சொல்வது சரியா, தப்பா? பொருள்களின் மோதலைப் பற்றிய இன்றைய பேச்சின் பாதி இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

ஸ்ட்ரைக்கர் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வந்து காயைத் தொடுகிறது என்று கொள்வோம். நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் உந்தம். 15-ஐ 2-ஆல் பெருக்கினால் 30. காய் சும்மா நிற்கிறது, அதன் உந்தம் சுழி. மோதலில் ஆற்றல் கொஞ்சமும் வீணாகாவிட்டால், அதாவது அது மீட்சி மோதலாக இருந்தால், ஸ்ட்ரைக்கர் 1 மீட்டர் வேகத்திலும் காய் 3 மீட்டர் வேகத்திலும் கிளம்பும். சரிபாருங்கள்: ஸ்ட்ரைக்கரிடம் 15, காயிடம் 15, கூட்டினால் அதே 30. அடித்ததை விட அடிவாங்கியது வேகமாகப் போகிறது என்பதைக் கவனியுங்கள். கனமானது லேசானதை முட்டினால் அப்படித்தான்.

நிஜப் பலகையில் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அதற்கும் ஆற்றல் போக வேண்டும். விலகும் வேகத்தை நெருங்கிய வேகத்தால் வகுத்தால் வருவது மீட்சிக் குணகம். அது 0.8 என்று வைத்தால் ஸ்ட்ரைக்கருக்கு 1.1, காய்க்கு 2.7. உந்தம் 16.5-உம் 13.5-உம், மறுபடியும் 30. இயக்க ஆற்றலோ 30 மில்லிஜூலில் இருந்து 27.3-க்கு இறங்கிவிட்டது. உந்தத்தில் ஒரு புள்ளி குறையவில்லை. ஆற்றலில் 9 சதவீதம் சத்தமாகவும் சூடாகவும் போய்விட்டது.

இப்போது பக்கத்து ஆளின் யோசனைக்கு வருவோம். லேசாக அடித்தாலும் இந்த விகிதம் மாறாது. ஆற்றல் வீணாகாத முதல் கணக்கையே எடுத்துக்கொண்டால், காயின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கோடு ஸ்ட்ரைக்கர் பின்தொடரத்தான் செய்யும். அப்படியானால் அவர் சொன்னது தப்பா? இல்லை. மோதல் முடிந்த பிறகு பலகையின் உராய்வு வேலை செய்ய ஆரம்பிக்கிறது. உராய்வினால் நிற்கும் தூரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பப் போகும். நிறை அதில் வராது. வேகம் மூன்றில் ஒரு பங்கு என்றால் தூரம் ஒன்பதில் ஒரு பங்கு. காய் குழியைத் தட்டுத்தடுமாறி எட்டுகிற அளவுக்கு மட்டும் அடித்தால், ஸ்ட்ரைக்கர் அந்தத் தூரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போய்ப் படுத்துவிடும். அதுவும் குழி வரை போக வேண்டுமானால் மூன்று மடங்கு வேகத்தில் அடித்திருக்க வேண்டும். ஆக யோசனை சரி. ஆனால் அந்தப் பலன் கிடைப்பது மோதலில் அல்ல, மோதலுக்குப் பிந்தைய ஓட்டத்தில். போரிக் பவுடர் தூவுவதும் அந்த ஓட்டத்துக்குத்தான். காயும் ஸ்ட்ரைக்கரும் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த நொடித் துணுக்கில் உராய்வு செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை.

மோதல் பாடத்தில் பிள்ளைகள் தவறுவது பெரும்பாலும் சூத்திரத்தில் அல்ல. இரண்டு கோடுகளைப் போடாமல் கணக்கைத் தொடங்குகிறார்கள். ஒன்று, எந்தெந்தப் பொருள்களைச் சேர்த்துப் பார்க்கிறோம் என்ற கோடு. இன்னொன்று, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்ற கோடு. பந்து சுவரில் பட்டுத் திரும்புகிறது. "உந்தம் மாறாது" என்று எழுதிவிடுகிறார்கள். பந்தை மட்டும் கோட்டுக்குள் வைத்தால் உந்தம் தலைகீழாக மாறியிருக்கிறது. சுவரையும் அதைத் தாங்கும் பூமியையும் உள்ளே சேர்த்தால்தான் மாறவில்லை என்று சொல்ல முடியும்.

அடுத்து, குறி. பிளஸ், மைனஸ். சின்ன விஷயமாகத் தெரியும், பாதி மதிப்பெண் போவது இங்கேதான். 160 கிராம் கிரிக்கெட் பந்து வினாடிக்கு 36 மீட்டரில் வருகிறது, அதாவது மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர். மட்டையில் பட்டு 30 மீட்டரில் வந்த வழியே திரும்புகிறது. உந்தம் எவ்வளவு மாறியது? 36-இல் 30 போனால் 6, அதை 0.16-ஆல் பெருக்கினால் 0.96 என்று எழுதுபவர்கள் ஏராளம். பந்து மெதுவானதாக நினைத்துக் கழிக்கிறார்கள். அது திரும்பியிருக்கிறது! வந்த திசை மைனஸ், போன திசை பிளஸ். திசைவேக மாற்றம் 66 மீட்டர், கணத்தாக்கு, அதாவது உந்தத்தில் வந்த மாற்றம், 10.56 நியூட்டன் வினாடி. மட்டையோடு பந்து ஒட்டியிருப்பது ஆயிரத்தில் ஒரு வினாடி என்றால் சராசரி விசை 10,560 நியூட்டன். ஒரு டன் எடைக்கும் மேல். கழித்துப் போட்டவருக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைத்திருக்காது.

இந்தத் தவறைச் செய்கிறவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை, பிரெஞ்சுத் தத்துவஞானி டெகார்த்தேயே செய்தார். 1644-இல் வெளியிட்ட நூலில் மோதல் விதிகளை ஏழாக எழுதினார். அளவையும் வேகத்தையும் பெருக்கினார், திசையை விட்டுவிட்டார். விதிகளில் பெரும்பாலானவை தப்பாகப் போயின. சிறிய பொருள் எவ்வளவு வேகமாக வந்து முட்டினாலும் சும்மா நிற்கும் பெரிய பொருளை அசைக்காது என்பது அதில் ஒன்று. கேரம் பலகையே அதைப் பொய்யாக்கும்: காயை விரலால் சுண்டி ஸ்ட்ரைக்கர் மீது விடுங்கள், ஸ்ட்ரைக்கர் நகர்வது கண்ணுக்குத் தெரியும்.

1668-இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தது. வாலிஸ், ரென், ஹைகன்ஸ் என்ற மூன்று அறிஞர்கள் பதில் அனுப்பினார்கள். ஹைகன்ஸ் யோசித்த முறை எனக்கு இன்றும் மிக அழகாகப் படுகிறது. ஒரு படகு வினாடிக்கு 1 மீட்டரில் போகிறது. அதில் நிற்பவர் ஒரே மாதிரி இரண்டு பந்துகளை எதிரெதிராக 1 மீட்டர் வேகத்தில் மோத விடுகிறார். அவர் கண்ணுக்கு இரண்டும் அதே வேகத்தில் திரும்பிப் போகின்றன. இதில் சந்தேகமே இல்லை, இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் வேறெதுவும் நடக்க வழியில்லை. இதையே கரையில் நிற்பவர் பார்க்கிறார். படகின் வேகம் கூடுவதால் ஒரு பந்து 2 மீட்டரில் வருகிறது, மற்றது நிற்கிறது. மோதிய பிறகு வந்தது நின்றுவிட்டது, நின்றது 2 மீட்டரில் கிளம்பிவிட்டது. சம நிறை என்றால் வேகம் கைமாறும். ஒரு சமன்பாடும் எழுதாமல் விடை வந்துவிட்டது.

இதைக் கோலிக்குண்டை வைத்து வகுப்பில் காட்டப் போகும் ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உருண்டு வரும் கோலி மோதியதும் முழுசாக நிற்காது. ஒரு கணம் தயங்கிவிட்டு மெதுவாக முன்னால் நகரும். பிள்ளைகள் "சார், நிக்கலையே" என்பார்கள். மோதலில் கைமாறியது நேர் வேகம் மட்டும்தான், சுழற்சி கைமாறவில்லை. நின்ற கோலி இன்னும் சுழன்றுகொண்டிருக்கிறது. தரையைப் பிடித்து, பழைய வேகத்தில் ஏழில் இரண்டு பங்கோடு மறுபடி உருளும். சுழற்சி குறுக்கே வரக் கூடாது என்றால் உருளாமல் வழுக்கும் கேரம் காய்கள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

கணத்தாக்குக்கு வருவோம். விசையையும் அது செயல்பட்ட நேரத்தையும் பெருக்கினால் வருவது உந்த மாற்றம். வினாடிக்கு 30 மீட்டரில் வரும் கேட்சைப் பிடித்தே ஆக வேண்டுமென்றால் 4.8 நியூட்டன் வினாடியைக் கை வாங்கியே தீர வேண்டும். தள்ளுபடி கிடையாது. நூறில் ஒரு வினாடியில் நிறுத்தினால் 480 நியூட்டன், கையைப் பின்னுக்கு இழுத்துப் பத்தில் ஒரு வினாடி ஆக்கினால் 48. "கையை இழுத்தால் கணத்தாக்கு குறையும்" என்று விடைத்தாளில் எழுதாதீர்கள். கணத்தாக்கு அப்படியே இருக்கிறது, விசைதான் குறைகிறது.

ஹெல்மெட்டும் இதே கணக்குதான். தலையை 5 கிலோ என்று கொள்வோம், தரையில் மோதும் வேகம் வினாடிக்கு 6 மீட்டர். உந்தம் 30. வெறும் தலை 2 மில்லிமீட்டருக்குள், அதாவது ஆயிரத்தில் ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில், நின்றால் சராசரி விசை 45,000 நியூட்டன். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் 2 சென்டிமீட்டர் நசுங்கி இடம் கொடுத்தால் 4,500. இங்கே பலர் கேட்காத ஒரு கேள்வி உண்டு: தெர்மாகோலுக்குப் பதில் நன்றாகத் துள்ளும் ரப்பர் வைக்கலாமே? வைக்கக் கூடாது. ரப்பர் தலையைத் திருப்பித் தள்ளும், மட்டையில் பட்ட பந்து போல. நிறுத்துவதற்கான 30-க்கு மேல், திருப்பி அனுப்புவதற்கான கணத்தாக்கையும் தலை வாங்க வேண்டியிருக்கும். நசுங்கினால் நசுங்கியபடியே கிடக்கும் பொருள்தான் அங்கே தேவை. அதனால்தான் ஒருமுறை பலமாக அடிவாங்கிய ஹெல்மெட்டின் ஓடு வெளியே பளபளவென்று இருந்தாலும் தூக்கிப் போட வேண்டும். நசுங்க வேண்டிய இடம் ஏற்கெனவே நசுங்கிவிட்டது. வாரைப் பூட்டாவிட்டால் இத்தனை கணக்கும் வீண், மோதும் நேரத்தில் அது தலையில் இருக்காது.

இனி தேர்வில் வருடாவருடம் விழும் குழி. பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் 1742-இல் துப்பாக்கிக் குண்டின் வேகத்தை ஒரு ஊசலை வைத்து அளந்து காட்டினார். தொங்கும் மரக்கட்டையில் குண்டு பாய்ந்து உள்ளேயே தங்கிவிடும், கட்டை மேலே எழும்பும், எழும்பிய உயரத்திலிருந்து குண்டின் வேகம் கிடைக்கும். 10 கிராம் குண்டு, 400 மீட்டர் வேகம், 2 கிலோ கட்டை. குண்டின் இயக்க ஆற்றல் 800 ஜூல். அது அப்படியே நிலை ஆற்றலாக மாறுகிறது என்று ஒரே தாவில் எழுதினால் கட்டை 40 மீட்டர் உயரம் போக வேண்டும். பதின்மூன்று மாடிக் கட்டடம்! நடப்பது என்ன? உந்தம் 4 நியூட்டன் வினாடி, சேர்ந்த நிறை 2.01 கிலோ, வேகம் 1.99 மீட்டர், உயரம் 20 சென்டிமீட்டர். 800 ஜூலில் மிஞ்சியது 4 ஜூலுக்கும் சற்றுக் குறைவு. மீதி எல்லாம் மரத்தைக் கிழித்துச் சூடாக்கியதில் தீர்ந்தது.

இரண்டு கட்டம், இரண்டு கோடு. குண்டு பாயும் கணத்தில் உந்தம் மாறாது, ஆற்றலை நம்பக் கூடாது. கட்டை மேலேறும்போது ஆற்றல் மாறாது, உந்தத்தை நம்பக் கூடாது, ஏனென்றால் கயிறும் புவியீர்ப்பும் அதை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. "பாயும்போதும் புவியீர்ப்பு இருக்கிறதே?" என்று கேட்பது நியாயம். ஆயிரத்தில் ஒரு வினாடியில் 20 நியூட்டன் எடை தரக்கூடிய கணத்தாக்கு 0.02. குண்டு கொண்டுவந்த 4-க்கு முன்னால் அது தூசு.

கடைசியாக, கேரம் பலகையிலிருந்து விண்வெளிக்கு. 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் என்ற சிறுகோளின் மேல் வேண்டுமென்றே மோதியது. கலத்தின் நிறை சுமார் 580 கிலோ, வேகம் வினாடிக்கு 6.1 கிலோமீட்டர். சிறுகோளின் நிறை சுமார் 430 கோடி கிலோ என்று மதிப்பிட்டிருந்தார்கள். அது டிடிமஸ் என்ற, தன்னைவிடப் பெரிய இன்னொரு சிறுகோளை 11 மணி 55 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிக்கொண்டிருந்தது. கலம் அதில் புதைந்து ஒட்டிக்கொண்டது என்று மட்டும் வைத்து, நம் மரக்கட்டைக் கணக்கையே போடுங்கள்: சிறுகோளின் வேகம் வினாடிக்குச் சுமார் 0.8 மில்லிமீட்டர் மாற வேண்டும். அளந்து பார்த்தபோது 2.7 மில்லிமீட்டர் மாறியிருந்தது. சுற்றும் நேரம் அரை மணி நேரத்துக்கும் மேல் குறைந்துவிட்டது.

உந்தம் எங்கிருந்து கூடுதலாக வந்தது? ரப்பர் பந்து போலக் கலம் துள்ளித் திரும்பியிருந்தால்கூட இரண்டு மடங்குதான் கிடைக்கும். இது மூன்று மடங்குக்கு மேல். மோதிய இடத்திலிருந்து கல்லும் தூளும் பீறிட்டு, கலம் வந்த திசையை நோக்கிப் பறந்தன. அவை பின்னால் எடுத்துச்சென்ற உந்தத்துக்கு ஈடாகச் சிறுகோள் முன்னால் தள்ளப்பட்டது. தூள் மெதுவாகத்தான் போனது, ஆனால் அதன் நிறை கலத்தைவிட மிக மிக அதிகம். ஒரே ஆற்றலை அதிக நிறைக்குப் பகிர்ந்து கொடுத்தால் வேகம் குறையும், உந்தம் கூடும். அதனால்தான் இரண்டு மடங்கு என்ற வரம்பு இங்கே தாண்டப்பட்டது. கலத்தையும் சிறுகோளையும் மட்டும் கோட்டுக்குள் வைத்தவருக்கு விடை தப்பாக வந்திருக்கும்; பறந்துபோன தூளும் கோட்டுக்குள் வர வேண்டும்.

அந்த 430 கோடி கிலோவும் நேரடியாக அளந்த எண் அல்ல. அடர்த்தியை அனுமானித்து, பருமனால் பெருக்கி வந்தது. உந்தம் சரியாக எத்தனை மடங்கு பெருகியது என்பது அந்த எண்ணைப் பொறுத்தது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஹீரா விண்கலம் 2024 அக்டோபர் 7 அன்று அதை நோக்கிக் கிளம்பியது. மோதிய இடத்தைப் படம் எடுப்பதோடு, டைமார்ஃபஸின் நிறையை அளப்பதும் அதன் வேலை.

கேள்விகளுக்கு வருவோம். பலகையும் இங்கேயே இருக்கிறது. காயை அடித்துப் பார்க்க விரும்புபவர்கள் மேலே வரலாம்.