முந்திக்கொண்டு அடிப்பது சரிதானா?

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

எதிரி அடிப்பதற்கு முன்னால் நாம் அடித்துவிட வேண்டும் என்ற பேச்சு இப்போது டீக்கடையிலும் கேட்கிறது, டிவியிலும் கேட்கிறது. அதற்குச் சாட்சியாக எல்லாரும் கூப்பிடுவது 1938-ஐத்தான்: மியூனிக் நகரில் பிரிட்டனும் பிரான்சும் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்தார்கள், அடுத்த வருஷமே உலகப்போர் வந்தது, அதனால் முந்திக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. செக்கோஸ்லோவாகியாவுக்குத் துணை நிற்பதாக ஒப்பந்தம் போட்டிருந்த பிரான்ஸ் அங்கே கைவிரித்தது, பிரிட்டனும் சேர்ந்துகொண்டு அந்த நாட்டின் ஒரு பகுதியை எடுத்துக் கொடுத்தது. அடிபடப் போகிறவனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்று என்பதுதான் அதில் இருக்கிற பாடம். முதல் குண்டை நீயே போடு என்று அதில் எங்கே இருக்கிறது?

மியூனிக்வரை போவானேன், நம் ராயக்கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1792 ஒப்பந்தத்தில் பாரமகால், அதாவது நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், மைசூர் மன்னர் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போய்விட்டது. 1798-ல் திப்பு மொரீஷியஸில் இருந்த பிரெஞ்சுக்காரர்களிடம் ஆள் கேட்டார், வந்து சேர்ந்தது நூறு பேர் அளவுக்குத்தான். அதே வருஷம் நெப்போலியன் எகிப்தில் இறங்கவும், அடுத்தது இந்தியாதான் என்று கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லி போருக்கு ஆயத்தம் செய்தார். சரி, அது நியாயமான பயம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஆகஸ்டிலேயே பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் நைல் நதி முகத்துவாரத்தில் பிரெஞ்சுக் கப்பல்களை அழித்துவிட்டார், அந்தச் செய்தி அந்த வருஷமே கல்கத்தாவுக்கும் வந்துவிட்டது, அதற்கப்புறமும் வெல்லஸ்லி நிறுத்தவில்லை. 1799 பிப்ரவரியில் வேலூரிலிருந்து கிளம்பிய கம்பெனித் தளபதி ஹாரிஸின் படை நம் பாரமகால் வழியாக ராயக்கோட்டை வந்து, மார்ச்சில் மைசூர் எல்லைக்குள் நுழைந்தது. அந்தப் படையின் மாடுகளுக்குத் தீனி கிடைக்கக் கூடாது என்று திப்புவின் குதிரைப்படை வழியெல்லாம் தீவனத்தை எரித்தது. யாருடைய தீவனம் அது? குடியானவர்களுடையதுதானே! மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்புவும் இறந்தார். ஆபத்து குறைந்த பிறகும் நடந்த போர் அது, பயத்தைக் காரணமாகச் சொல்லி நாட்டைப் பிடித்தார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

1967 அரபு-இஸ்ரேல் போர் மட்டும் வேறு மாதிரி இல்லையா என்று கேட்பீர்கள். எகிப்து ஐ.நா. படையை வெளியேற்றி, சினாயில் துருப்புகளைக் குவித்து, டிரான் நீரிணையையும் இஸ்ரேல் கப்பல்களுக்கு மூடியிருந்தது; இஸ்ரேல் ஜூன் 5 அன்று எகிப்து விமானங்களைத் தரையிலேயே அழித்தது. எதிரி படையோடு எல்லையில் நிற்கிற நிலைமை அது, அதைப் பற்றி இன்னும் வாதம் ஓயவில்லை, நானும் ஒரே பேச்சில் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அதே உத்தியை 1971 டிசம்பர் 3 மாலையில் பாகிஸ்தான் நம் விமானத் தளங்கள்மேல் பிரயோகித்துப் பார்த்தது. நம் விமானப்படையும் 1967-ஐப் பார்த்துப் பாடம் படித்திருந்ததால் விமானங்களைப் பாதுகாப்பாக நிறுத்தியிருந்தது, அடி பலிக்கவில்லை. 13 நாளில் பாகிஸ்தான் படையினர் டாக்காவில் சரணடைந்தார்கள், சுமார் 93,000 பேர் போர்க் கைதிகள்.

கண்ணெதிரே படை கிளம்பிவிட்டால் தடுத்து அடிப்பது ஒன்று, என்றைக்காவது பலசாலி ஆகிவிடுவான் என்று இன்றைக்கே ஊரை எரிப்பது வேறு. 2003-ல் அமெரிக்கர்கள் ஈராக்கில் இரண்டாவதைத்தான் செய்தார்கள், அவர்கள் சொன்ன பேரழிவு ஆயுதக் குவியல் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1962 செப்டம்பரில், 83 வயதில், வாஷிங்டன் போய் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியைப் பார்த்து அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தச் சொன்னார். அடுத்த மாதமே கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்தது. உடனே குண்டு போட வேண்டும் என்று அமெரிக்கத் தளபதிகள் கென்னடியை நெருக்கினார்கள். பேர்ல் ஹார்பரில் ஜப்பான் திடீரென்று முந்திக்கொண்டு அடித்ததை நாமும் செய்வதா என்று தம்பி ராபர்ட் கென்னடி தடுத்துப் பேசினார். கடைசியில் கடலில் மறித்து, பேச்சுவார்த்தை நடத்தி, துருக்கியில் இருந்த தங்கள் ஏவுகணைகளை எடுத்துக்கொள்வதாக ரகசியமாக வாக்குக் கொடுத்துத்தான் முடித்தார்கள். கியூபாவில் இருந்த சோவியத் படையிடம் குறுந்தூர அணு ஆயுதங்களும் தயாராக இருந்தன என்பது முப்பது வருஷம் கழித்து, 1992-ல்தான் அமெரிக்கர்களுக்குத் தெரியவந்தது. குண்டு போடச் சொன்ன தளபதிகள் யாருக்கும் அன்றைக்கு அது தெரியாது.

நன்றி, வணக்கம்.