பால் பல் சொன்ன சாட்சி

வணக்கம் நேயர்களே. 1945 ஜூனில், சிகாகோவில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்த சில விஞ்ஞானிகள், ஜேம்ஸ் ஃபிராங்க் என்ற இயற்பியலாளர் தலைமையில் ஓர் அறிக்கை எழுதினார்கள். முன்னறிவிப்பில்லாமல் ஜப்பான்மேல் அணுகுண்டு போடாதீர்கள், போட்டால் போருக்குப் பிறகு ஆயுதப் போட்டிதான் மிஞ்சும் என்றார்கள். ரகசிய அறிக்கை அது. மக்கள் ஒருவருக்கும் தெரியாது. ஆகஸ்டில் ஹிரோஷிமா.

இதைத்தான் நான் பல வருஷமாகச் சொல்லி வருகிறேன்: பாதுகாப்பைப் பற்றிப் படித்தவர்கள் மேலிடத்தின் காதில் மட்டும் பேசினால் போதாது, தெருவில் இருப்பவர்களிடமும் பேச வேண்டும். எப்படிப் பேசுவது? எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று இருக்கிறது.

ஐம்பதுகளில் அணுகுண்டுகளைத் திறந்த வெளியிலேயே வெடித்துச் சோதித்தார்கள். வெடித்தது எங்கோ பாலைவனத்தில், எங்கோ ஒரு தீவில். ஆனால் அந்தத் தூசி மழையோடு புல்லில் இறங்கி, புல்லிலிருந்து மாட்டுக்கு, மாட்டிலிருந்து பாலுக்கு, பாலிலிருந்து குழந்தைக்கு வந்து சேர்ந்தது. அதிலிருந்த ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிரியக்கப் பொருள், உடம்புக்குள் கால்சியம் மாதிரியே நடந்துகொள்ளும். உடம்பும் ஏமாந்துபோய் அதை எலும்பிலும் பல்லிலும் வைத்துக் கட்டிவிடும். சரி, இதை எப்படி நிரூபிப்பது? குழந்தையின் எலும்பை எடுத்துப் பார்க்க முடியுமா? பால் பல் தானாக விழுமே!

1958 டிசம்பரில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பால் பற்களைச் சேகரித்து ஆராயத் தொடங்கினார்கள். லூயிஸ் ரைஸ் என்ற பெண் மருத்துவர் நடத்தினார். விழுந்த பல்லை அனுப்புங்கள், கூடவே குழந்தை எப்போது பிறந்தது, தாய்ப்பால் குடித்ததா புட்டிப்பாலா என்று எழுதுங்கள் என்று கேட்டார்கள். அனுப்பிய குழந்தைக்கு, அறிவியலுக்கு என் பல்லைத் தந்தேன் என்று எழுதிய ஒரு பேட்ஜ் வரும். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், ஓர் அம்மா அந்தக் குட்டிப் பல்லைக் கழுவி, துடைத்து, உறைக்குள் போட்டு ஒட்டுகிறாள். அந்த நிமிஷமே அணு ஆயுதக் கொள்கை அவள் வீட்டு விஷயம் ஆகிவிட்டது. வந்து குவிந்த பற்கள் சுமார் 3 லட்சம். பின்னால் பிறந்த குழந்தைகளின் பல்லில் ஸ்ட்ரான்சியம் கூடிக்கொண்டே போவது 1961-இலேயே தெரிந்துவிட்டது. 1963 ஆகஸ்டில் வளிமண்டலச் சோதனைகளைத் தடை செய்யும் ஒப்பந்தம் கையெழுத்தானது. பல் மட்டும் அதைச் சாதிக்கவில்லை, பல காரணங்கள் உண்டு. ஆனாலும் பல்லுக்கும் அதில் பங்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம், கொள்கை வகுக்கும் அதிகாரிகளைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்து வந்தேன், நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று. 1946-இல் அணுசக்தியைச் சர்வதேசக் கட்டுப்பாட்டில் வைக்க அச்செசன்–லிலியந்தால் அறிக்கை என்ற அமெரிக்க அரசு அறிக்கை வந்தது; அணுகுண்டு உருவாக்கிய விஞ்ஞானிகளுக்குத் தலைமை வகித்த ஓப்பன்ஹைமரும் ஒரு டெலிபோன் கம்பெனித் தலைவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதியது. ஐ.நா.வில் அந்த முயற்சி பலிக்கவில்லை. ஆனால் இந்த அறிக்கையை யாரும் ரகசியக் கோப்பில் பூட்டவில்லை, அச்சடித்து மக்கள் கையில் கொடுத்தார்கள். நன்றி, வணக்கம்.