யூத வரலாறா, யூதத் தத்துவமா? மூழ்கிய ஒரு கப்பலை முன்வைத்து

வணக்கம் நண்பர்களே. யூதவியலில் முனைவர் பட்டம் பெற விரும்புவோர், வரலாற்றுப் பக்கம் நிற்பதா தத்துவப் பக்கம் நிற்பதா என்பதை விண்ணப்பத்திலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. மைமோனிடிஸ் ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தத் தேர்வு ஏன் எளிதன்று என்று காட்டுகிறேன்.

கோர்தோபாவில் பிறந்து 1204-இல் எகிப்தில் மறைந்த இந்தத் தத்துவ அறிஞருக்குத் தாவீது என்றொரு தம்பி இருந்தார், வணிகர். செங்கடல் துறைமுகமான அய்தாபிலிருந்து அவர் அண்ணனுக்கு எழுதிய கடிதம், பழைய கெய்ரோவின் யூதத் தொழுகைக்கூடத்தில், பயன்பாடு முடிந்த ஏடுகளைப் போட்டுவைக்கும் கெனிசா என்னும் அறையில் தப்பிப் பிழைத்து, இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. வாங்குவதற்கு அவுரி நீலத்தைத் தவிர வேறு சரக்கில்லை, ஆகவே இந்தியாவுக்கே கப்பலேறப் போகிறேன் என்கிறார் தம்பி. இந்தியப் பெருங்கடலில் அவர் மூழ்கி இறந்த செய்தி வந்தபின் ஏறத்தாழ ஓராண்டு படுத்த படுக்கையாகக் கிடந்ததை, ஆக்கர் நகர நீதிபதிக்கு எழுதிய கடிதத்தில் மைமோனிடிஸ் நினைவுகூர்கிறார்.

இனி அவருடைய 'குழம்பியோருக்கான வழிகாட்டி' நூலின் மூன்றாம் பாகம், 17-ஆம் அத்தியாயத்துக்கு வருவோம். கப்பல் மூழ்குவது தற்செயலாக இருக்கலாம், ஆனால் அதில் இன்னார் ஏறினார் என்பது தற்செயலன்று, இறைவனின் தீர்ப்புக்கு உட்பட்டது என்று அங்கே வாதிடுகிறார். வரலாறு படித்தவருக்கு உடனே தாவீது நினைவுக்கு வருவார். தத்துவம் படித்த தேர்வாளரோ, அதே அத்தியாயத்தில் அரிஸ்டாட்டிலின் கருத்தை விளக்கும்போதும் கப்பல் மூழ்கும் எடுத்துக்காட்டு வருவதைச் சுட்டி, வாதத்தின் தேவைக்காக வந்த கப்பலில் தம்பியை நீங்களாக ஏற்றிவிட்டீர்களே என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல இரண்டு பயிற்சியும் வேண்டும்.

மொழிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த நூல் எபிரேய எழுத்தில் எழுதப்பட்ட அரபு. அரபுக்கு 28 எழுத்துகள், எபிரேயத்துக்கு 22. குறையும் ஒலிகளுக்கு எழுத்தின் மேல் புள்ளி வைக்க வேண்டும், ஆனால் படியெடுத்தவர்கள் பல நேரம் அதை வைப்பதில்லை. எனவே அரபு தெரியாமல் எபிரேய எழுத்தை மட்டும் கூட்டி வாசிப்பவர் எந்தச் சொல் என்று தடுமாறுவார். ஜெர்மன் மொழி ஏன் வேண்டும் என்பது தனிக்கதை: யூதவியல் துறை 1819-இல் பெர்லினில் சில இளைஞர்கள் தொடங்கிய சங்கத்தில் உருவெடுத்தது. அவர்களுள் ஒருவரான லெயோபோல்ட் சூன்ஸ், யூத வரலாற்றுக்குப் பல்கலைக்கழகத்தில் ஓர் இருக்கை, அதாவது பேராசிரியர் பதவி, கேட்டு 1848-இல் விண்ணப்பித்தபோது பிரஷ்ய அரசு மறுத்துவிட்டது. பிற்பாடு அமெரிக்காவில் இருக்கைகள் அமைந்தபோது, ஹார்வர்டில் 1925-இல் தத்துவ அறிஞர் வுல்ஃப்சனும், கொலம்பியாவில் 1930-இல் வரலாற்றறிஞர் பாரனும் அமர்ந்தார்கள். பிரிவினை அப்போதே தெரிகிறது.

என்னைக் கேட்டால், வரலாற்றுத் துறையில் சேர்ந்து, தத்துவத் துறையிலிருந்து ஓர் இணை நெறியாளரைத் தொடக்கத்திலேயே கேட்டுப் பெறுங்கள் என்பேன். கையெழுத்துப்படி வாசிக்கக் கற்றுத்தர ஆள் வேண்டும். தத்துவ நூல்களை ஓரளவுக்குத் தனியாகவும் படித்துக்கொள்ளலாம். இதை மறுக்கும் தத்துவ மாணவர்கள் கீழே எழுதுங்கள். அடுத்த காணொளியில் தகுதித் தேர்வுக்கான நூற்பட்டியலை எடுத்துக்கொள்வோம்.