பக்குவத்தைச் சொல்வது இலக்கியமே

நடுவர் அவர்களே, நெல்லைச் சீமையின் பெரியோர்களே, வணக்கம். உணவு எழுத்துக்கு உயிர் தருவது சமையல் குறிப்பா, இலக்கியச் சுவையா என்ற இன்றைய வழக்கில், இலக்கியச் சுவையே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், புளிக்கும் உப்புக்கும் அளவு சொல்லாத எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு வேளைச் சோறு ஆக்க முடியாது என்றார். 1951இல் வெளிவந்த மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ நூலைச் சான்றாகக் காட்டி, காலத்தை வென்று நிற்பது குறிப்புதான் என்றும் சொன்னார். அந்த நூலை நானும் மதிக்கிறேன். தாய்வீட்டை விட்டு வேற்றூரில் குடித்தனம் தொடங்கிய பெண்களுக்கு அது கைகொடுத்தது. ஆனால், அளவு முடிகிற இடத்தில்தான் பக்குவம் தொடங்குகிறது என்பதை நண்பர் எண்ணிப் பார்க்கவில்லை.

நம் மறுவீட்டு விருந்தின் தேங்காய்ப்பால் குழம்பான சொதியையே எடுத்துக்கொள்வோம். தேங்காய் எத்தனை, பாசிப்பருப்பு எவ்வளவு என்று யாரும் எழுதிவிடலாம். தண்ணீர்ப்பாலில் காய் வெந்து, பருப்பும் இஞ்சி பச்சைமிளகாய்ச் சாறும் சேர்ந்த பிறகு, கெட்டியான முதல் பாலை ஊற்றுகிற நேரம் வருகிறதே, அங்கேதான் சமைப்பவரின் கண்ணுக்குச் சோதனை. தளதளவென்று கொதிக்க விட்டால் பால் திரிந்துவிடும். பாத்திரத்தின் ஓரத்தில் வெண்ணுரை கட்டி, நடுவில் மெல்லிய அசைவு தெரியும்போதே இறக்கி, சூடு சற்றுத் தணிந்தபின் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். அந்தக் கணத்தை எந்த ஆழாக்கால் அளப்பது? பார்த்ததைப் பார்த்தபடி படிப்பவர் கண்முன் நிறுத்துகிற சொல்லால்தான் முடியும். “பொன்னிறமாகும் வரை வதக்கவும்” என்று எழுதுகிறபோதே குறிப்பாசிரியரும் எங்கள் அணிக்கு வந்துவிடுகிறார்.

குறுந்தொகையின் 167ஆம் பாட்டில், மகளின் குடித்தனத்தைப் பார்த்துவந்த செவிலித்தாய், பெற்ற தாயிடம் பேசுகிறாள். கட்டித்தயிர் பிசைந்த மெல்விரலைத் துடைத்த சேலையைத் துவைக்காமல் உடுத்தியிருக்கிறாள் மகள். தாளிப்புப் புகை அவளுடைய மைதீட்டிய கண்ணில் நிறைகிறது. அவள் தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பை ‘இனிது’ என்று கணவன் உண்ண, அவள் முகம் நுண்ணிதாக மகிழ்கிறது. ஆறே அடிகள், புளியின் அளவு அதில் இல்லை. அந்தத் தாய் கேட்க ஏங்கிய செய்தி புளியின் அளவா? கூடலூர் கிழார் பாடியது, சமையல் ஒரு மனத்திலிருந்து இன்னொரு மனத்துக்குப் போய்ச் சேருகிற வழியை. நம் பாளையங்கோட்டைப் பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவன் உப்பையும் எண்ணெயையும் பற்றி எழுதியதும் அவற்றுக்குப் பின்னால் இருக்கிற மக்களுக்காகவே.

குறிப்புதான் நிலைக்கும் என்ற வாதத்துக்கு வருகிறேன். சங்கப் பாட்டான சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் என்ற அரசன் பாணருக்குப் படைக்கும் பல்வேறு அடிசில், பாரதத்து வீமன் இயற்றிய மடைநூலின், அதாவது சமையல் நூலின், நெறி தவறாமல் ஆக்கப்பட்டது என்கிறார் நல்லூர் நத்தத்தனார். பொற்கலத்தில் இட்டு, அரசனே பக்கத்தில் நின்று ஊட்டிய அந்த விருந்து இன்றும் நம் கண்ணில் நிற்கிறது. மடைநூல் நம் கைக்கு வரவில்லை. அப்படியொரு நூலைப் பற்றி நமக்குச் சொல்வதே பாட்டுதான். எனக்குப் பின் பேச வரும் எதிரணியினர் அந்த மடைநூலிலிருந்து ஒரே ஒரு வரியை இந்த மேடையில் எடுத்துக் காட்டட்டும்.